கொழும்பு சார் போடாத ஒப்பு

எங்கள் சபையில் நடந்த ஒரு கல்யாணத்தில் கொழும்பு சாரை அடிக்கப் போனார்கள். போனவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். சார் செய்த குற்றம், ரிஜிஸ்டரில் சாட்சி ஒப்பு போட மாட்டேன் என்றது. எங்கள் பக்கத்தில் கையெழுத்தை ஒப்பு என்போம். பாறசாலையிலும் சுற்று ஊர்களிலும் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனை முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒப்பு போட்டுவிடுவார்கள். எல்லோரும் சாப்பிட்டு, பாயசம் குடித்து, வெற்றிலையும் போட்ட பிறகு, ஊரில் பெரிய மனிதர் ஒருவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து சாட்சி ஒப்பு வாங்குவார்கள். அது அவருக்குச் செய்கிற மரியாதை. அதைப் போய் ஒரு மனிதர் மாட்டேன் என்கிறார்.

"பிள்ளை ஒப்பு போடியத நான் பாக்கல்ல" என்றார் சார்.

"பாக்கல்லன்னா? பேரு அவளுக்கதான, ஒப்பும் அவளுக்கதான. பின்ன என்னவாக்கும் ஓய் உமக்கு கேடு?"

"அவளுக்க ஒப்பாத்தான் இருக்கும். ஆனா நான் பாக்கல்ல."

தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். கொழும்பில் தேயிலை குடித்துக் குடித்து இந்த ஆளுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்றார். சபை உபதேசியார் நடுவில் விழுந்து தடுத்தார். கடைசியில், பந்தியில் இருந்த பெண்ணைக் கை கழுவச் சொல்லிக் கூட்டிவந்தார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதலில் போட்ட ஒப்புக்குக் கீழே இன்னொரு தடவை போட்டாள். சார் மேசைமேல் குனிந்து, கடைசி எழுத்து முடிகிற வரை பார்த்தார். பிறகுதான் பேனாவைத் திறந்தார். நான் அப்போது பக்கத்தில் நின்று மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை நான் ஒருதடவை எழுதியதே போதும்.

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்கார துரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது அவருடைய தொழில். தோட்டத்துக்குப் புதிதாக வருகிற சின்னதுரை தமிழ்ப் பரீட்சை பாசாக வேண்டும். கூலிக்காரர்கள் பேசுவது புரியாதவனுக்குப் பதவி உயர்வு கிடையாது. அதனால் சார் வாரம் முழுக்க மலைமேல் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, பங்களா வராந்தாக்களில் 'கொழுந்து எடு, மழை வருது, பிள்ளைக்குக் காய்ச்சல்' என்று சொல்லிக்கொடுப்பார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு அவர் கப்பலேறினபோது இது ஒரு தொழில் என்று ஊரில் யாரும் நம்பவில்லை. "வெள்ளக்காரனுக்கு தமிழ் படிச்சுக் குடுக்க இங்கேருந்து ஒருத்தன் போகணுமா?" என்றார்கள். முதல் விடுமுறைக்கு வெள்ளை டிரில் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு நம்பினார்கள்.

அந்தக் கோட்டுக்கு உள்ளே ஒரு மெழுகுத்துணிப் பை இருக்கும். பாஸ்போர்ட், பெர்மிட், வரி கட்டிய சீட்டுகள், துரைமார் கொடுத்த கடிதங்கள், எல்லாம் அதற்குள். மழை வந்தால் சார் குடையைத் தலைக்குப் பிடிக்க மாட்டார், நெஞ்சுக்குப் பிடிப்பார். தலையெல்லாம் நனைந்து வந்து நிற்பதைப் பார்த்து அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவளை நாங்கள் சேச்சி என்றுதான் கூப்பிடுவோம். வாய்த்துடுக்குக்காரி. "ரசீது குடுத்தா எனக்க கெட்டினவரு என்னையும் எடுத்துக் குடுப்பாரு" என்பாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பரீட்சையில் பாசான ஒரு துரை சாருக்குச் சுவர்க்கடிகாரம் ஒன்று பரிசாகக் கொடுத்தான். விடுமுறைக்கு வரும்போது தலைமன்னாரில் சார் அதைச் சுங்கக்காரர் மேசையில் தானே எடுத்து வைத்தார். அவர் "கொண்டு போ" என்று கையை வீசினார். சார் போகவில்லை. வரி உண்டென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தாருங்கள் என்று நின்றார். எழுதி வாங்குவதற்குள் கப்பல் போய்விட்டது. இங்கே நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் சேச்சி காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மறுநாள் சார் கடிகாரத்தோடும் சீட்டோடும் வந்து இறங்கினார். சீட்டைத்தான் முதலில் காட்டினாராம்.

ஊருக்கு இதெல்லாம் வேடிக்கை. சாருக்கு வேடிக்கை இல்லை. அவருக்கு முதலாளி கிடையாது. கடையில் வேலை பார்ப்பவனுக்குக் கடைக்காரன் காகிதம் கொடுப்பான், தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குத் தோட்டம் கொடுக்கும். தனியாக நின்று மொழி சொல்லிக்கொடுக்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும் வெளியிலிருந்து போனவர்களுக்கெல்லாம் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. யாரிடம் வேலை செய்கிறாய் என்று ஒரு கேள்வி. சார் ஏழெட்டுத் தோட்டங்களுக்கு நடந்து, ஒவ்வொரு துரையிடமும் 'இவர் எனக்கு வாரத்தில் இன்ன நாள் பாடம் எடுக்கிறார்' என்று கடிதம் வாங்கிச் சேர்த்தார். வருமான வரி கட்டச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தானாகவே கண்டியில் வரி ஆபீசுக்குப் போய் நின்றார். "உம்மை யார் வரச்சொன்னது?" என்று கேட்டாராம் அங்கிருந்த அதிகாரி. "சட்டம் சொல்லிச்சு" என்றாராம் இவர். இலங்கையை விட்டுக் கிளம்ப வேண்டுமென்றால் வரி பாக்கியில்லை என்று சீட்டு வேண்டும், திரும்ப நுழைய வேறு சீட்டு வேண்டும். ஒன்று தவறினாலும் வாசல் அடைத்துவிடும். "நான் அங்க விருந்துக்காரனாக்கும் மக்கா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "விருந்துக்காரன் செருப்ப எங்க கழத்திப் போடணும் எண்ணு கேட்டுத்தான் போடணும்."

குளத்தூர்க்காரன் ஒருவன் இருந்தான். கொழும்பில் கடை வேலை. ஒரே பாஸ்போர்ட்டில் அவனும் அவன் அண்ணனும் மாறி மாறிப் போய்வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. ஒரு தடவை அவன் எங்கள் முன்னால் வைத்தே சாரைச் சீண்டினான். "சார், உமக்கு உள்ள காகிதம் எல்லாம் விரிச்சா ஒரு பாய் முடையலாம். எனக்கு ஒண்ணே ஒண்ணாக்கும், அதும் எனக்க அண்ணனுக்கது." எல்லோரும் சிரித்தோம். சாரும் சிரித்தார். அந்தக் குளத்தூர்க்காரன் பிறகு மாடி வைத்து மெத்தை வீடு கட்டினான். அவனை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வருவான்.

இன்னொரு கதை சார் தன் வாயால் சொன்னது. ஒரு சின்னதுரை பாடத்துக்கு ஒழுங்காக வரமாட்டான், வந்தாலும் முந்தின நாள் குடித்தது தெளிந்திருக்காது. பாடங்கள் முழுதும் படித்தான் என்று ஒரு சர்டிபிகேட் கேட்டான். சார் எழுதிக் கொடுத்தார்: 'இந்தத் துரை பதினொரு பாடங்களுக்கு வந்தார். அதில் மூன்றில் உறங்கினார்.' அதோடு அந்தத் தோட்டம் போயிற்று. ஒரு தோட்டம் போனால் பெர்மிட்டுக்கு வைக்கிற கடிதத்தில் ஒன்று குறையும். "ஒரு வரி மாத்தி எழுதினா என்ன சார்?" என்று கேட்டேன். "எழுதலாம். பின்ன அடுத்தவன் வந்து கேட்டா, எந்த வரி நான் எழுதினது, எந்த வரி அவன் எழுத வச்சது எண்ணு எனக்கே தெரியாமப் போவும்" என்றார்.

இனி என் பங்குக்கு வருகிறேன். தள்ளிப்போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் அப்போது பகுதிக் கச்சேரியில் கிளார்க். நிலவரி கட்டுகிற கிராம ஆபீஸ் அது. சாருக்குப் பாஸ்போர்ட் வேண்டும்போதெல்லாம் 'இவர் இந்த ஊர்க்காரர்' என்கிற சர்டிபிகேட்டை என் கையால் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அந்த வருஷங்களில், மலையாள ராஜ்யத்தோடு இருந்த தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. நெய்யாற்றின்கரை தாலுகாவையும் விடக்கூடாது என்று எங்களுக்கெல்லாம் வெறி. எனக்கும்தான். ஆனால் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் கொடி பிடிக்க முடியுமா? வெளியே சர்க்கார் கிளார்க், உள்ளே போராட்டக்காரன். ரகசியமாக வேலை செய்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

வேலை என்றால், மனுவுக்கு ஒப்பு சேர்ப்பது. அதில் எங்கள் ஊர்க்காரர்களின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலையில் நாங்கள் போய்த் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற மனுவை நீட்டினால் ஒப்பு போடுவார்கள். சாயங்காலம் எதிர்க்கட்சிக்காரன் வந்து சேரக்கூடாது என்று மனுவை நீட்டினால் அதிலும் போடுவார்கள். தமிழில் கேட்டால் தமிழில் போடுவார்கள், மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில் போடுவார்கள். "ஒரு ஒப்பு தானே மக்கா, வீடு தேடி வந்தவனை என்னத்துக்கு வெறுங்கையா விடணும்?" என்பார்கள். வாசலுக்கு வந்தவனுக்கு ஒரு டம்ளர் வெள்ளம் கொடுக்கிற மாதிரி ஒப்பு.

சார் விடுமுறையில் வந்திருந்தார். தமிழால் பிழைக்கிற மனிதர், வெள்ளைக்காரனையே தமிழ் பேசவைத்தவர், அவர் ஒப்பு முதல் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும்! மனுவோடு போனேன். சார் அதை ஒரு வரி விடாமல் வாசித்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

"இதுல எழுதினது எனக்கு சம்மதமாக்கும் மக்கா. ஆனா ஒப்பு போட முடியாது. எந்த நாட்டுலயும் அரசியல் காரியத்துல சேரமாட்டேன் எண்ணு பெர்மிட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

"இங்க போடியத அங்க யாரு சார் பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன் இல்லியா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஊரே எரிகிறது, இந்த மனிதருக்கு மெழுகுத்துணிப் பை பெரிது. "உமக்குத் தமிழ் சோறு மட்டும் போதும், இல்லியா சார்?" என்று கேட்டுவிட்டேன். சேச்சி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மனுவின் பக்கங்களை நிரப்பித் தரச் சொல்லி ஆள் வந்தது. எனக்கு வீடு வீடாகப் போக நேரமில்லை, பயமும் உண்டு. கச்சேரியில் தண்டப்பேர் புத்தகம் இருந்தது. பகுதியில் நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கும். மத்தியானம் கச்சேரியின் மேலதிகாரி பார்வத்தியக்காரர் சாப்பிடப் போனதும் புத்தகத்தை விரித்துவைத்து, மனுவில் பெயர்களை நானே எழுதினேன். பேனாவை மாற்றினேன், சாய்த்து எழுதினேன், நிமிர்த்தி எழுதினேன். எல்லோரும் கேட்டால் போடத்தானே செய்வார்கள், நடையை மிச்சப்படுத்தினேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாருடைய பெயர் வந்தது. அவர் கேட்டும் போடாதவர், அது எனக்குத் தெரியும். எழுதினேன். கோபத்தில் எழுதினேன். பக்கத்தில் 'மொழி ஆசிரியர், இலங்கை' என்றும் சேர்த்தேன்.

கொஞ்ச நாளில் விளவங்கோடு பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. எங்கள் ஊர்களிலும் போலீஸ் புகுந்தது. நான் மனுவை நிரப்பிக் கொடுத்த கட்சிக்காரர் வீட்டில் சோதனை போட்டு, தலையணைக்குள்ளிருந்து மனுக்கட்டை எடுத்துப் போனார்கள். இரண்டு நாள் லீவு போட்டு வீட்டுக்குள் இருந்தேன். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கு நடுகிறவனுக்கும் பனையேறுகிறவனுக்கும் போலீஸ் பட்டியலில் பெயர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? போலீசின் நல்ல வார்த்தை இல்லாமல் வாழ முடியாதவர் எங்கள் பகுதி முழுவதிலும் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அவருடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் முன்னால் அவர் திரும்ப இலங்கையில் கால் வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பெர்மிட் செத்தது. அங்கே இருக்கிறவர்களையே வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம், போனவருக்குப் புதிதாக யார் தரப்போகிறார்கள்? மகள் மதராசில் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம் இருந்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மனுவை அவர் முன்னால் போட்டார். "இது தன்றெ ஒப்பல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். உன் கையெழுத்துதானே என்று.

"இல்லை."

"பின்னெ ஆருடெ?"

"எழுதினத நான் பாக்கல்ல."

இன்ஸ்பெக்டர் கெட்டவரில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதை எழுதினவனிடமிருந்தோ, எழுதுவதைப் பார்த்தவனிடமிருந்தோ ஒரு காகிதம் கொண்டுவா, உன் பெயரை வெட்டிவிடுகிறேன் என்றார்.

மறுநாள் சார் கச்சேரிக்கு வந்தார். பார்வத்தியக்காரர் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார், அது எனக்குப் பிறகு புரிந்தது. மெழுகுத்துணிப் பையிலிருந்து நான் எழுதிக் கொடுத்த பழைய ஊர் சர்டிபிகேட்டை எடுத்து மேசையில் விரித்தார்.

"மனுவுல எனக்க பேர எழுதினவன் எழுத்தும் இந்த எழுத்தும் ஒருபோல இருக்கு மக்கா."

நான் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஒருபோல இருக்கு எண்ணுதான் சொல்லியேன். நான் பாக்கல்ல. நீ பாத்தியா?"

எவ்வளவு சின்னக் கேள்வி! ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் என் வேலை போகும், போலீஸ் தோலை உரிக்கும், ஜெயில். வீட்டில் மனைவி நிறைமாதம். இந்தக் காரணங்களையெல்லாம் இத்தனை வருஷமாக உருட்டிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் நான் ஒரு பேடி.

"பாக்கல்ல சார்" என்றேன்.

அவர் சர்டிபிகேட்டை மடித்தார். "செரி. பிந்தி ஞாபகம் வந்தா சொல்லு. டிசம்பர் பாதி வரைக்கும் நேரம் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் சேச்சி கத்தியது என் வீடு வரை கேட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாழைத்தோட்டம்தான். "அவனுக்க எழுத்து எண்ணு போலீசுக்கு சொல்லும்! உமக்கு நாக்கு இல்லியா? எனக்க பிள்ளைக்க படிப்பு போவுது, நீரு ஒருபோல, ஒருபோல எண்ணு இருக்கேரு!"

சார் சொன்னதும் கேட்டது. "ஒருபோல இருக்கு எண்ணு நான் சொன்னா, அவன்தான் எண்ணு போலீஸ்காரன் எழுதுவான். நான் பாக்காத ஒண்ணுக்கு எனக்க பேருல சாட்சியா? முடியாது."

இது என்மேல் வைத்த இரக்கமா, அவருடைய பிடிவாதமா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிடிவாதம் என்று நினைக்கிற நாட்களில்தான் எனக்குச் சோறு இறங்கும்.

நாட்கள் போயின. அவரை வழியில் பார்த்தால் நான் வேலியோரம் ஒதுங்குவேன். அவர் வழக்கம்போல "மக்கா" என்பார், வேறொன்றும் கேட்க மாட்டார். ஒருதடவையாவது கேட்டிருக்கலாம், ஒருதடவையாவது "எலே நாயே" என்றிருக்கலாம். தேதி தாண்டியது.

தேதி தாண்டின மறுநாள் கச்சேரித் தபாலோடு போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலில் எனக்கு முன்னால் சார் நின்றார், கோட்டு போட்டிருந்தார். ஒரு கவரை ரிஜிஸ்டர் தபாலில், சேர்ந்ததற்கு ஒப்பு வாங்கி வருகிற அட்டையோடு அனுப்பிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பெர்மிட்டாக்கும். காலாவதி ஆனா திருப்பி அனுப்பணும் எண்ணு பின்பக்கம் எழுதியிருக்கு" என்றார். "இந்த வருசத்துக்க வரிக்கணக்கும் கூட வச்சிருக்கேன்."

போஸ்ட் மாஸ்டர் ரசீதைக் கொடுத்தார். சார் அதைச் சரிபார்த்து, மடித்து, மெழுகுத்துணிப் பைக்குள் வைத்தார். பை அப்போது மிக ஒல்லியாக இருந்தது.

மகள் படிப்பை விட்டு வந்தாள். சார் நெய்யாற்றின்கரையில் ஆதாரம், அதாவது நிலப்பத்திரம், எழுதுகிற ஒருவரிடம் நகலெடுக்கப் போனார். பத்திரத்தில் சாட்சிகள் எதிரே இல்லாமல் சாட்சி பெயரை எழுத மாட்டேன் என்றதும் அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். பிறகு வீட்டு முற்றத்தில் தமிழ் டியூஷன் வைத்தார். ஊரில் எல்லோருக்கும் மலையாளம் தேவைப்பட்ட காலம் அது, தமிழுக்கு யார் வருவார்கள்? துரைமாருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கடைசியில் கொல்லம் பக்கத்திலிருந்து துணி விற்க வந்த ஒருவனுக்குத் தமிழ் எண்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மனு எங்கேயும் போய்ச் சேரவில்லை. போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில் கறையான் தின்றிருக்கும். எல்லை பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றுவிட்டன. நான் தமிழ்நாட்டு வேலையைக் கேட்டு வாங்கி, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வீடு கட்டினேன். மனுவில் பெயர் எழுதியதற்காக உலகத்தில் ஒரே ஒருவர்தான் தண்டனை அனுபவித்தார், அவர் எழுதாதவர்.

நான் ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து, எல்லைப் போராட்டத்தில் பங்கெடுத்தவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தரப்போவதாகத் தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்தது. நேரில் பார்த்த ஒருவரிடம் சாட்சிக் கடிதம் வாங்க வேண்டும். நான் ரகசியமாகச் செய்தவன், என்னை யார் பார்த்தார்கள்? அப்போதைய ஆட்கள் பலர் செத்துவிட்டார்கள். இதற்காக நான் சாரிடம் போனேன் என்றால் நம்புவீர்களா? போனேன். ஒருவேளை கடிதத்துக்காகப் போகவில்லையோ என்னவோ. அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை, ஆனால் விண்ணப்பப் படிவம் என் பையில் இருந்தது.

சேச்சி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். சார் மெலிந்திருந்தார், கண்ணாடி தடித்திருந்தது. சுவரில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"போராட்டத்துல நீ என்ன செய்தே? நான் ஒண்ணும் பாக்கல்லியே மக்கா."

"ஒப்பு சேத்தேன் சார்."

"எப்பிடி சேத்தே?"

அவர் காத்திருந்தார், டிசம்பர் பாதி வரை காத்திருந்த அதே முகத்தோடு.

"தண்டப்பேர் புத்தகத்த பாத்து நானே எழுதினேன்."

"யாருக்க பேரெல்லாம்?"

"நிறைய பேருக்க. உங்களுக்கதும் சார். உங்களுக்கதும் நான்தான் எழுதினேன்."

சொல்லிவிட்டு அழுதேன். பேரன் பேத்தி எடுத்துவிட்ட வயதில், மூக்கு ஒழுக அழுதேன். சார் ஆறுதல் சொல்லவில்லை, திட்டவுமில்லை. மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். வெகுநேரம் எழுதினார். பிறகு வாசித்துக் காட்டினார்.

"இவர் எல்லைப் போராட்டக் காலத்தில் பகுதிக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தபோது, தாங்களாக ஒப்பு போடாத பலருடைய பெயர்களை மனுவில் தாமே எழுதியதாகவும், அதில் என் பெயரும் ஒன்று என்றும், இன்று என் வீட்டில் என்னிடம் சொன்னார். அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை. சொன்னதைக் கேட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு உண்டானா சொல்லு. திருத்தலாம்."

"தப்பு இல்ல சார். சரியாக்கும்."

"அப்ப கீழ நீயும் ஒரு ஒப்பு போடு. நீ போடியத நான் பாக்கணும்."

அவர் மேசைமேல் குனிந்தார். என் பெயரின் கடைசி எழுத்து முடிகிற வரை பார்த்தார். அதற்குப் பிறகு தன் ஒப்பைப் போட்டு, மை காய ஊதி, என்னிடம் நீட்டினார். அந்த ஒப்பைப் பார்த்ததும்தான் தெரிந்தது, நான் மனுவில் எழுதியது அதன் சாயலில்கூட இல்லை.

அந்தக் காகிதத்தை நான் எந்த ஆபீசிலும் கொடுக்கவில்லை. கொடுக்க முடியுமா? எனக்குச் சாட்சிக் கடிதம் தந்தவன் குளத்தூர்க்காரன். போராட்டக் காலம் முழுவதும் நான் முன்வரிசையில் நின்றதைக் கண்ணால் கண்டதாக எழுதி, கேட்ட உடனே ஒப்பு போட்டான். அந்தக் காலம் முழுவதும் அவன் அண்ணனுடைய பாஸ்போர்ட்டில் கொழும்பில் இருந்தான்.

உதவித்தொகை வருகிறது. சார் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது, அடக்கத்துக்கு நான் போகவில்லை. வருஷத்துக்கு ஒருதடவை, நான் உயிரோடிருக்கிறேன் என்று ஆபீசில் போய்க் காட்டிச் சர்டிபிகேட் வாங்க வேண்டும். 'இவரை இன்று நேரில் கண்டேன்' என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரி தலையை நிமிர்த்தாமலே அதன் கீழே ஒப்பு போட்டு வெளியே தள்ளுகிறார். நானும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.